விண்வெளி ஆவணப்படங்களில் எது படம், எது வரைந்தது?

கேள்வி: நெய்வேலியிலிருந்து ஒரு வாசகர், 9 ஆகஸ்ட் 2025

டிவியில் வரும் விண்வெளி ஆவணப்படங்களை எட்டாவது படிக்கும் என் மகளோடு உட்கார்ந்து பார்ப்பது வழக்கம். நேற்று எங்கோ ஒரு தொலைதூரக் கோளைக் காட்டினார்கள். சிவப்புச் சூரியன், கறுப்பு மணல், அலை அடிக்கும் கடல். "இதை யாருப்பா போய்ப் படம் பிடிச்சது?" என்று கேட்டாள். யாரும் போகவில்லை, கம்ப்யூட்டரில் வரைந்தது என்றேன். "அப்போ எல்லாமே பொய்யா?" என்று சேனலை மாற்றிவிட்டாள். பாதிக்கு மேல் வரைகலையாக இருக்கும் இவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டவே கூடாது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

9 ஆகஸ்ட், இரவு

மறுக்கிறேன், பாதி மட்டும்.

உங்கள் மகள் கேட்ட கேள்விக்கு அந்தப் படத்தை எடுத்தவர்களே முதலில் பதில் சொல்லியிருக்க வேண்டும். வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள் ஒன்றின் தரையைக்கூட இன்றுவரை யாரும் பார்த்ததில்லை. நம் சூரியனைப் போன்ற நட்சத்திரத்தைச் சுற்றும் கோளை முதன்முதலில் கண்டுபிடித்தது 1995இல், மிஷெல் மேயரும் திதியே கெலோவும். 51 பெகாசி என்ற நட்சத்திரம் லேசாக முன்னும் பின்னும் ஆடுவதை அதன் ஒளியிலிருந்து கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 2019இல் நோபல் பரிசும் கிடைத்தது. அந்தக் கோளை அவர்கள் கண்ணால் பார்க்கவே இல்லை.

2017 பிப்ரவரியில் டிராப்பிஸ்ட்-1 செய்தி வந்தது நினைவிருக்கும். 40 ஒளியாண்டு தொலைவில் ஒரே நட்சத்திரத்துக்கு ஏழு கோள்கள். ஒரு கோள் குறுக்கே போகும்போது நட்சத்திரத்தின் வெளிச்சம் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக மங்குகிறது, பிறகு பழையபடி ஆகிறது. அப்படி இறங்கி ஏறும் ஒரு கோடுதான் ஆய்வாளர்கள் கையில் இருந்தது. அன்றைக்கே டிவியில் ஓடிய கடலும் பனியும் சிவப்பு வானமும் ஓவியர்கள் வரைந்தவை.

நல்ல ஓவியங்கள்தான், எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தக் கோட்டை ஒரு நிமிடம் காட்டியிருந்தால் உங்கள் மகள் சேனலை மாற்றியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். வெளிச்சம் கொஞ்சம் மங்கியதிலிருந்து ஒரு உலகம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள் என்பது, வரைந்த கடலைவிட எவ்வளவு பெரிய விஷயம்!

10 ஆகஸ்ட்

யார் எழுதுவது என்று கேட்டவருக்கு: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் டிவி, டிஷ் வேலை பார்க்கிறேன். மொட்டைமாடியில் நீளக் குழாய் நட்டு, உச்சியில் ஆண்டெனா கட்டி, பூஸ்டர் போட்டுச் சென்னை தூர்தர்ஷனை இழுத்த காலத்திலிருந்தே இதுதான் தொழில். சில ராத்திரி இலங்கையின் ரூபவாஹினியும் வந்து விழும்.

அப்படி இழுத்துப் பார்த்ததுதான் அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகனின் காஸ்மோஸ். 1980இல் அமெரிக்காவில் வந்த 13 பகுதித் தொடர், எண்பதுகளில் நம் தூர்தர்ஷனிலும் போட்டார்கள். அதிலும் வரைந்த காட்சிகள் நிறைய, செட் போட்ட காட்சிகளும் நிறைய. ஆனால் சேகன் ஏறிப் போகும் கப்பலுக்கே கற்பனைக் கப்பல் என்றுதான் பெயர். அதில் உட்கார்ந்தபடி அவர் காட்டுவது நினைத்துப் பார்த்தது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். கப்பலை விட்டு இறங்கி ஆய்வுக்கூடத்தில் வாயேஜர் விண்கலம் அனுப்பிய படத்தைக் கையில் எடுத்தால், அது நிஜம். இரண்டுக்கும் நடுவில் அவர் கதவு வைத்திருந்தார். இப்போது வரும் பல படங்களில் அந்தக் கதவு இல்லை. நிஜப் படத்திலிருந்து நழுவி நழுவி வரைகலைக்குள் போய்விடுகிறார்கள், எங்கே மாறியது என்று எனக்கே பிடிபடுவதில்லை.

13 ஆகஸ்ட்

"அப்படி என்ன நிஜப் படங்கள் இருக்கின்றன, ஒன்றைச் சொல்லுங்கள்" என்று வில்லியனூர் தம்பி கேட்டிருக்கிறார். டைட்டன்.

சனிக்கோளின் மிகப் பெரிய நிலா. 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் என்ற சிறு கலம் பாராசூட்டில் தொங்கிக்கொண்டே அதில் இறங்கியது. தரையிலிருந்து ஒரு படம் அனுப்பியது. கூழாங்கற்கள், தண்ணீர் உருட்டி மழுக்கியது போல் உருண்டையாக. அங்கே குளிர் மைனஸ் 180 டிகிரி பக்கம். கல் என்று நாம் பார்ப்பது உறைந்த பனிக்கட்டி, அதை உருட்டியது திரவ மீத்தேன். மனிதன் செய்த பொருள் இறங்கிய இடங்களிலேயே மிகத் தொலைவான தரை இன்றும் அதுதான். படம் வந்தது கறுப்பு வெள்ளையில். ஆரஞ்சு நிறத்தை, அதே கலத்திலிருந்த இன்னொரு கருவி அளந்த ஒளியை வைத்துப் பிறகு சேர்த்தார்கள்.

இதை எல்லா ஆவணப்படமும் காட்டிவிட்டது. அதற்கு முன்னால் நடந்ததை நான் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். இதைச் சொல்லாமல் விட்ட படங்களை நினைத்தால் இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

ஹைகன்ஸால் பூமியோடு நேரே பேச முடியாது. மேலே பறக்கும் கசீனி கலத்துக்கு அனுப்பும், கசீனி அதைச் சேமித்துப் பூமிக்கு அனுப்பும். இரண்டும் சேர்ந்து 1997 அக்டோபரிலேயே கிளம்பிவிட்டன. போய்க்கொண்டிருக்கும்போது, போரிஸ் ஸ்மேட்ஸ் என்ற சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஒரு சோதனை வேண்டும் என்று விடாமல் கேட்டார். ஹைகன்ஸ் கீழே இறங்கும்போது கசீனி வேறு வேகத்தில் மேலே போகும். அந்த வேக வித்தியாசத்தால் சிக்னலின் அலைவரிசை இடம் பெயரும். அதையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்றார். 2000 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் நிலையத்திலிருந்து, ஹைகன்ஸ் அனுப்பப்போவதைப் போன்ற ஒரு போலி சிக்னலைக் கசீனிக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அலை வந்து சேர்ந்தது, உள்ளே இருந்த தகவல் சிதறிப்போயிற்று. ரிசீவர் பிடிக்கும் அலைவரிசைப் பட்டையை அந்தப் பெயர்ச்சிக்கு இடம் கொடுக்காமல் குறுகலாக அமைத்துவிட்டார்கள். கலமோ பல கோடி கிலோமீட்டர் தாண்டிப் போய்விட்டது. ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கொண்டு யார் ஏறுவது?

பாதையை மாற்றினார்கள். டைட்டனை ஒட்டி 1,200 கிலோமீட்டரில் பறக்கவேண்டிய கசீனியை 65,000 கிலோமீட்டர் தள்ளிப் போகவைத்தார்கள். தள்ளிப் போனதால் இரண்டுக்கும் இடையே விலகும் வேகம் குறைந்தது, பெயர்ச்சியும் பட்டைக்குள் அடங்கியது.

அதோடு முடியவில்லை. இறங்கும் நாளன்று கசீனியில் இருந்த இரண்டு ரிசீவர்களில் ஒன்றை ஆன் செய்யும் கட்டளை விடுபட்டுப்போனது. எழுநூறு வரவேண்டிய படங்களில் பாதிதான் வந்தது. காற்றின் வேகத்தை அளக்கும் சோதனை அந்த விடுபட்ட சேனலில் இருந்தது, அது போயே போயிற்று என்றார்கள். ஆனால் அமெரிக்காவின் கிரீன் பேங்க், ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் முதலான ரேடியோ தொலைநோக்கிகள் அந்தச் சின்னக் கலத்தின் சிக்னலை நூறு கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து நேராகவே பிடித்துவிட்டன. அதிலிருந்து காற்றின் வேகத்தை மீட்டார்கள்.

மழை பெய்தால் 36,000 கிலோமீட்டரில் இருக்கும் செயற்கைக்கோளின் சிக்னலே என் டிஷ்ஷில் நிற்பதில்லை. தேவனாம்பட்டினம் பக்கம் உப்புக்காற்றில் போல்ட் துருப்பிடித்து, டிஷ் ஒரு விரல் அளவு சாய்ந்தாலும் படம் போய்விடும். மேலே நான் திருப்ப, கீழே வீட்டுக்காரம்மா ஜன்னல் வழியாக "வந்துடுச்சி... போயிடுச்சி... இருங்க இருங்க, வந்துடுச்சி" என்று கத்த, டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்.என்.பி.யைப் பிடித்தபடி அப்படியே முறுக்கு ஏற்றுவேன். இந்த வேலை தெரிந்தவனுக்கு ஹைகன்ஸ் கதை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

14 ஆகஸ்ட்

சிறுகோள் பட்டையைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. டிவியில் பாறைகள் முட்டி மோதுவதும் கலம் வளைந்து நெளிந்து தப்புவதும் சுத்தமாகத் தவறு. அங்கே ஒரு சிறுகோளுக்கும் அடுத்ததற்கும் நடுவே சராசரியாகப் பத்து லட்சம் கிலோமீட்டர் இடைவெளி என்ற அளவில் சொல்வார்கள். பயோனியர் 10 தான் முதலில் கடந்தது, 1972-73இல், ஒரு சேதமும் இல்லாமல்.

15 ஆகஸ்ட்

சத்தமும் அப்படியே. வெற்றிடத்தில் ராக்கெட் உறுமாது. நிஜமான வேற்றுலகச் சத்தம் வேண்டுமானால் செவ்வாயில் இருக்கிறது. 2021இல் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியில் மைக் உண்டு. காற்று, சக்கரம் உருளும் சத்தம், பக்கத்தில் பறந்த இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டரின் முனகல், எல்லாம் பதிவாகியிருக்கிறது. அங்கே ஒலியின் வேகம் நொடிக்கு 240 மீட்டர், இங்கே 340. கீச்சுச் சத்தங்களைக் கார்பன் டை ஆக்சைடு விழுங்கிவிடுவதால் எல்லாமே மந்தமாகக் கேட்கும். இதை ஹெட்போனில் கேட்டுவிட்டு, அதற்கு மேல் டிரம்ஸ் அடித்து ஒளிபரப்புவதைக் கேட்டால் வயிறு எரிகிறது.

18 ஆகஸ்ட்

வரைந்த காட்சிகளில் திரையின் மூலையில் "வரைகலை" என்று சின்னதாகப் போட்டால் போதும் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாவுக்குக் கண் பார்வை போய் வெகுநாள் ஆகிறது, ஆனால் விண்வெளி நிகழ்ச்சி ஒன்றையும் விடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாராம். "மூலையில் எழுத்துப் போட்டால் அவருக்கு என்ன பயன்?" என்கிறார்.

நியாயம். இதை நான் யோசிக்கவே இல்லை. அப்படியானால் குரல்தான் சொல்ல வேண்டும். "இது கலம் எடுத்த படம்", "இது இப்படி இருக்கலாம் என்று வரைந்தது" என்று பின்னணிக் குரல் சொல்லிவிட்டுப் போக எத்தனை நொடி ஆகும்? விளம்பர இடைவேளைக்கு முன்னால் "பூமி தப்புமா?" என்று இழுக்கவும், இடைவேளை முடிந்ததும் அதையே மறுபடி சொல்லவும் நேரம் இருக்கிறதே.

அந்த அம்மாவுக்கு இன்னொன்று: கேட்பவருக்கு எண்கள் வெறும் எண்களாகப் போய்விடும் என்றீர்கள். ஒளி போகும் நேரத்தைச் சொல்லிப் பாருங்கள். நிலாவிலிருந்து ஒன்றேகால் நொடி, சூரியனிலிருந்து எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், சனியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல், வாயேஜர் 1இலிருந்து இப்போது 23 மணி நேரம். சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம், நேற்று இந்நேரம் கிளம்பியது இப்போதுதான் வருகிறது என்று அவருக்கே புரியும்.

23 ஆகஸ்ட்

சந்திரயான்-3 இறங்கி இன்றோடு இரண்டு வருடம். 2023இல் இதே நாள் மாலை 6.04. லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடையில் புது டிவி மாட்டிக்கொண்டிருந்தேன். வாங்க வந்தவர்கள், டீ குடிக்க வந்தவர்கள் என்று எல்லோரும் உள்ளே வந்து நின்றுவிட்டார்கள். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பதால் நம் பக்கத்து ஜனங்களுக்குக் கூடுதல் படபடப்பு. இறங்கியதும் யார் யாரோ கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

அன்றைக்கு நேரலையில் நாம் பார்த்த கலம் வரைகலை. பக்கத்தில் ஓடிய உயரமும் வேகமும் நிஜம், கலத்திலிருந்து வந்தவை. கீழ்நோக்கி எடுத்த நிஜ வீடியோவை மறுநாள்தான் வெளியிட்டார்கள். கடையில் நின்ற பாதிப் பேர், பக்கத்தில் இன்னொரு கலம் பறந்து படம் பிடிக்கிறது என்றே நம்பினார்கள். ஆனால் ஒன்று கவனித்தேன். கடைசி நிமிடத்தில் ஒருவர் கண்ணும் அந்தப் பொம்மைக் கலத்தின் மேல் இல்லை. உயரத்தைக் காட்டும் எண்ணைத்தான் எல்லோரும் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். நிஜம் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டால் ஜனங்கள் அதைத்தான் பார்ப்பார்கள். எண்ணுக்கு ரசிகர்கள் கிடையாது என்று நினைக்கும் சேனல்காரர்கள் அன்று அந்தக் கடையில் இருந்திருக்க வேண்டும்.

அந்த இறக்கத்துக்குப் பின்னால் நாமக்கல் மண் இருக்கிறது. சித்தம்பூண்டி பக்கத்துப் பாறை நிலாப் பாறையோடு ஒத்துப்போவதால், அதைப் பொடித்து நிலாத் தரை போலச் செய்து ஊர்தியை ஓட்டிப் பார்த்தார்கள். இதெல்லாம் அரை மணி நேரப் படத்துக்கு ஆகாதா?

24 ஆகஸ்ட்

"விண்வெளிக்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம்" என்று ஒருவர் கேட்டதற்கு: 2019 டிசம்பரில் புதுச்சேரி மீனவர்கள் வலையில் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் பக்கவாட்டு மோட்டார் சிக்கி, கரைக்கு இழுத்து வந்தார்கள். மீன் என்று நினைத்து இழுத்த கனம்!

29 ஆகஸ்ட்

வாயேஜர் கலத்தோடு போன தங்க ஒலித்தட்டில் தமிழ் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. 1977இல் அனுப்பிய அந்தத் தட்டில் 55 மொழிகளில் வணக்கம் சொல்லியிருக்கிறார்கள். இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மராத்தி, குஜராத்தி, பஞ்சாபி, ஒடியா, உருது, ராஜஸ்தானி எல்லாம் உண்டு. இசையில் கேசர்பாய் கேர்க்கர் பாடிய ஒரு பாட்டு. தமிழும் மலையாளமும் இல்லை. பெரும்பாலான குரல்களை அவசர அவசரமாக, கார்னெல் பல்கலைக்கழகத்திலும் சுற்றிலும் கிடைத்த ஆட்களை வைத்துப் பதிவு செய்தார்கள். எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. இருக்கிறது என்று வாட்ஸப்பில் சுற்றும் செய்தியை மட்டும் தயவுசெய்து நம்ப வேண்டாம்.

வாயேஜர் பற்றி 2017இல் வந்த தி ஃபார்தஸ்ட் என்ற ஆவணப்படத்தைப் பார்க்காதவர்கள் பாருங்கள். அங்கே வேலை பார்த்தவர்களே வயதான முகத்தோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். நான் கேட்பது இந்த மாதிரிப் படம்தான். வியாழனின் நிலாவான அயோவில் எரிமலை இருப்பதைக் கண்டுபிடித்த லிண்டா மொராபிட்டோ எரிமலையைத் தேடியவர் இல்லை. கலம் போகும் பாதையைக் கணக்கிடும் குழுவில் இருந்தவர். 1979 மார்ச்சில், பின்னணி நட்சத்திரங்கள் தெரிவதற்காக வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்த ஒரு படத்தில், அயோவின் விளிம்பில் குடை மாதிரி ஏதோ எழும்பி நின்றது. பூமிக்கு வெளியே எரிமலை குமுறுவதை மனிதர்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டாமல், தீ கக்கும் வரைகலையைக் காட்டி என்ன பயன்?

வாயேஜர் படம் எடுத்து முடித்த பின்னாலும் கதை ஓடுகிறது. 2023 ஜூலையில் தவறான கட்டளை ஒன்று போய், வாயேஜர் 2இன் ஆண்டெனா பூமியை விட்டு 2 டிகிரி விலகிவிட்டது. 2 டிகிரி! தொடர்பு அறுந்தது. கான்பெராவில் இருக்கும் 70 மீட்டர் டிஷ்ஷிலிருந்து முழுச் சக்தியோடு ஒரு கட்டளையை அனுப்பினார்கள். போக 18 மணி நேரத்துக்கு மேல், பதில் வர அதே அளவு. ஆகஸ்ட் 4 அன்று கலம் திரும்பிப் பார்த்தது. ஒருவர் கீழே நின்று "வந்துடுச்சி" என்று சொல்ல ஒன்றரை நாள் காத்திருப்பதை நினைத்தால் எனக்குக் கை நடுங்குகிறது.

3 செப்டம்பர்

நிறம். இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. ஊரில் ஒரு டிஷ் மிச்சமில்லை, மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. பல இடங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பகலெல்லாம் வளைந்த டிஷ்களைக் கழற்றும் வேலை. ராத்திரி தெருப் பிள்ளைகள் மொட்டைமாடிக்கு வந்துவிடுவார்கள், வீட்டுக்குள் புழுக்கம். கடலூரில் அப்படி ஒரு இருட்டை நான் பார்த்ததில்லை. வானம் முழுக்க நட்சத்திரம்.

ஒரு பையன் டிவியில் ஓரியன் நெபுலாவைப் பார்த்திருக்கிறான். ரோஸும் ஊதாவுமாக எங்கே இருக்கிறது காட்டுங்கள் என்றான். என்னிடம் பழைய பைனாகுலர் இருந்தது. வேட்டைக்காரனின் இடைவாரில் மூன்று நட்சத்திரம், அதற்குக் கீழே வாள், நடுவில் பார் என்றேன். பார்த்தான். "வெள்ளையா, புகை மாதிரி இருக்கு. கலர் எங்க?" முகம் வாடிவிட்டது.

மங்கலான வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது, கேமரா நிறைய நேரம் ஒளியைச் சேர்த்து எடுப்பதால் அதற்குத் தெரிகிறது என்று சொன்னேன். சரி என்று தலையாட்டினான், ஆனால் திரும்பப் பார்க்கவில்லை. ஆயிரத்து முந்நூறு ஒளியாண்டு தாண்டி, நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் இடத்தைச் சொந்தக் கண்ணால் பார்த்துவிட்டு ஒரு பிள்ளை ஏமாற்றத்தோடு இறங்கிப் போனது என் மனசை விட்டுப் போகவில்லை. அவன் பார்த்த நிகழ்ச்சியில் ஒரே ஒரு வரி, "கண்ணுக்கு இது சாம்பல் நிறப் புகையாகத் தெரியும்" என்று இருந்திருந்தால் அந்தப் புகையைத் தேடிப் பார்த்துத் துள்ளியிருப்பான்.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களுக்கும் இதே பேச்சு. அது பார்ப்பது பெரும்பாலும் நம் கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு. அலைநீளத்துக்கு ஏற்ப நிறம் ஒதுக்குகிறார்கள். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, எந்த நிறம் எதற்கு என்று சொன்னால் படமே பாடமாகிவிடும்.

8 செப்டம்பர், விடியற்காலை

தூங்கவில்லை. நேற்று ராத்திரி முழு சந்திர கிரகணம். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் பிடிக்க ஆரம்பித்து, 11.01க்கு முழுதாக மூடியது, 12.23 வரை செம்பு நிறத்தில் நின்றது. எங்கள் பக்கம் மேகத்துக்கு நடுவே விட்டு விட்டுத் தெரிந்தது. இந்த நேரத்திலேயே எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் நான் பார்க்க ஆசைப்படும் ஆவணப்படத்துக்கான கதை புதுச்சேரியிலேயே இருக்கிறது.

கியோம் லெ ழாந்தீ என்ற பிரெஞ்சு வானியலாளர். வெள்ளிக்கோள் சூரியனுக்குக் குறுக்கே கடப்பதைப் பல ஊர்களிலிருந்து பார்த்து நேரம் குறித்தால், சூரியன் எவ்வளவு தூரம் என்று கணக்கிடலாம். அது எட்டு வருட இடைவெளியில் இரண்டு தடவை வரும், அப்புறம் நூறு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். 1761இல் பார்க்கப் புதுச்சேரிக்கு வரலாம் என்று 1760 மார்ச்சில் கிளம்பினார். அவர் வந்து சேர்வதற்குள் புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். ஆடும் கப்பலின் மேல்தளத்தில் நின்று வெள்ளியைப் பார்த்தார், அந்த அளவு எதற்கும் உதவவில்லை. ஊர் திரும்பாமல் அடுத்த தடவைக்காக இந்தப் பக்கமே தங்கினார். மணிலாவுக்குப் போனார். அங்கிருந்து மறுபடி புதுச்சேரிக்கு 1768இல் வந்தார். ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியிருந்தது, இடிந்து கிடந்த கோட்டை மாளிகையின் மேல் அவருக்கு ஒரு வானாய்வுக்கூடம் கட்டிக் கொடுத்தார்கள்.

1769 ஜூன் 4 காலை. முன்னாட்களில் வானம் துல்லியமாக இருந்தது. அன்றைக்கு விடியும் நேரத்தில் மேகம் மூடியது. வெள்ளி சூரியனை விட்டு நகர்ந்து முடிந்த பிறகு வெயில் அடித்தது. 1771இல் பாரிஸ் திரும்பினால், இறந்துவிட்டதாக முடிவுசெய்து சொத்தைப் பங்கிட ஆரம்பித்திருந்தார்கள்.

வெளிநாட்டுப் படங்களில் இவர் கதை இத்தோடு முடிந்துவிடும், பாவம் ஒரு மனிதர் என்று. எனக்கு முக்கியமானது அடுத்தது. காத்திருந்த காலத்தில் அவர் புதுச்சேரியில் ஒரு தமிழரிடம் உட்கார்ந்து நம் கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டார். காகிதம் இல்லை, பேனா இல்லை. எண்களை வாக்கியங்களாக மனப்பாடம் செய்து, சோழிகளைத் தரையில் வைத்து நகர்த்திக் கணக்கிடும் முறை. ஏற்கெனவே நடந்து முடிந்த 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று அந்த முறையில் வந்த விடை 41 விநாடி குறைவு. அப்போது ஐரோப்பாவில் பேர்பெற்றிருந்த டோபியாஸ் மேயரின் அட்டவணை சொன்னது 68 விநாடி அதிகம்.

1825இல் ஜான் வாரன் என்பவர் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் சோழி வைத்துக் கணிப்பதை எழுதிவைத்தார். அந்த வருடத்துக் கிரகணத்தின் தொடக்கம் 4 நிமிடம்தான் பிசகியது. நடுப்பகுதி 23 நிமிடம், முடிவு 52 நிமிடம் பிசகின. பெருமை பேசுகிறவர்கள் 41 விநாடியை மட்டும் சொல்வார்கள். 52 நிமிடத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பேன். தரையில் சோழி தள்ளி நிலாவின் மேல் நிழல் எப்போது விழும் என்று சொன்ன ஒரு மனிதருக்கு அதனால் ஒரு குறைவும் இல்லை.

10 செப்டம்பர்

காவலூர் வானாய்வுக்கூடத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே என்று திருவண்ணாமலைக்காரர். ஆமாம், சொல்ல வேண்டும். யுரேனஸுக்கு வளையம் இருப்பது 1977 மார்ச் 10இல் தெரிய வந்தது. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதற்கு முன்னும் பின்னும் வெளிச்சம் வெட்டி வெட்டி மறைந்தது. படங்களில் எல்லாம் அமெரிக்காவின் பறக்கும் தொலைநோக்கி விமானத்தைக் காட்டுவார்கள். அதே ராத்திரி ஜவ்வாது மலையில் காவலூரிலும் பட்டாச்சார்யா குழு அப்படி வெளிச்சம் மறைந்ததைப் பதிவு செய்தது. நெய்வேலியிலிருந்தும் கடலூரிலிருந்தும் பஸ்ஸில் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கும் இடம்.

19 செப்டம்பர்

உறுதி செய்யப்பட்ட வெளிக்கோள்கள், அதாவது வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்கள், 6,000 ஆகிவிட்டன என்று நாசா இந்த வாரம் சொல்லியிருக்கிறது. இவற்றில் நேரடியாகப் படம் பிடிக்கப்பட்டவை நூறுகூட இல்லை, அந்தப் படங்களிலும் கோள் ஒரு ஒளிப்புள்ளிதான். எச்.ஆர். 8799 என்ற நட்சத்திரத்தைச் சுற்றும் நான்கு புள்ளிகள் பல வருடப் படங்களைச் சேர்த்து ஓட்டும்போது மெதுவாக நகர்வதைப் பாருங்கள். வரைந்தது எதுவும் அதற்கு ஈடாகாது.

24 செப்டம்பர்

லெ ழாந்தீ கதையை நாமே படமாக எடுக்கலாம், வில்லியனூர் தம்பியிடம் கேமரா இருக்கிறது. புதுச்சேரியில் ஓய்வு பெற்ற பிரெஞ்சு ஆசிரியை ஒருவர், லெ ழாந்தீயின் பயண நூலில் அந்த ஜூன் காலையைப் பற்றிய பக்கங்களைப் படித்துத் தமிழில் சொல்கிறேன் என்றிருக்கிறார். 1779இலும் 1781இலும் இரண்டு தொகுதிகளாக வந்த நூல், பிரெஞ்சில்தான் படிக்க வேண்டும். ஒலிப்பதிவும் வயரிங்கும் என் பொறுப்பு. மஞ்சக்குப்பம் அம்மா அப்பாவோடு உட்கார்ந்து முதலில் கேட்டுப் பார்த்து, கண்ணால் பார்க்காமலே புரிகிறதா என்று சொல்கிறேன் என்கிறார்.

இன்னும் கிடைக்காதவர் ஒருவர்தான். வாக்கிய முறையில் கையால் கிரகணம் கணிக்கத் தெரிந்த பெரியவர், திருப்பாதிரிப்புலியூர் பக்கமோ, வில்லியனூர் பக்கமோ, சிதம்பரம் வரைக்குமோ யாராவது இருந்தால் எழுதுங்கள். அடுத்த முழு சந்திர கிரகணம் 2026 மார்ச் 3. நம் ஊரில் நிலா உதிக்கும்போதே பிடித்திருக்கும், ஏழு மணிக்குள் விட்டுவிடும். விடும் நேரத்தை அவர் முன்கூட்டியே கணித்துச் சொல்வதைப் படம் பிடித்துவிட்டு, அன்று மாலை கடற்கரையில் கடிகாரத்தோடு நிற்கலாம். கணக்கு எவ்வளவு பிசகினாலும் அப்படியே படத்தில் வைப்போம். ஜனவரிக்குள் ஆள் கிடைத்தால்தான் பயிற்சி எடுத்து ஒளிப்பதிவு செய்ய நேரம் இருக்கும்.